சாட்சியின் பிழையும் அவர் வைத்த குற்றச்சாட்டும்: ஜோசப் வில்சன் விவகாரம்

கிளிநொச்சியில் இருந்து அரசறிவியல் படிக்கும் ஒருவர் இங்கே கேட்டிருப்பது இது. ஈராக் போருக்குக் காரணமாகக் காட்டப்பட்ட ஓர் உளவுத் தகவலைப் பகிரங்கமாக மறுத்த முன்னாள் அமெரிக்கத் தூதர் ஜோசப் வில்சன் உண்மை சொன்னவரா, பொய்யரா? குடியரசுக் கட்சிக்காரர்கள், போருக்கு முந்திய உளவுத் தகவல் பற்றி அமெரிக்க செனட்டின் புலனாய்வுக் குழு 2004இல் வெளியிட்ட அறிக்கையைக் காட்டி அவரைப் பொய்யர் என்கிறார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அதே அறிக்கையைக் காட்டி அவர் சொன்னது சரி என்கிறார்கள். யாரை நம்பி எழுதுவது? கூடவே கடைசியில் ஒரு வரி: "எங்கட பக்கம் போரைப் பற்றிச் சாட்சி சொன்ன ஆக்களுக்கும் இதுதானே நடந்தது?" இந்தக் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அரசைக் குற்றம் சாட்டும் ஒருவர் சில இடங்களில் பிழையாகப் பேசியிருக்கிறார் என்று தெரிந்தால், அவருடைய பிரதான குற்றச்சாட்டும் சேர்ந்து விழுந்துவிடுமா? நீங்கள் கேட்பது இதைத்தான்.

நான் உளவுத்துறை அறிந்தவன் அல்ல. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் நீண்ட காலமாக வழக்காடும் சட்டத்தரணி. அமெரிக்க விவகாரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பகிரங்கமாக வெளிவந்த அறிக்கைகளும் நீதிமன்றப் பதிவுகளும்தான். ஆனால் ஒரு சாட்சியின் சொல்லை எப்படி எடைபோடுவது என்பது என் அன்றாட வேலை. அந்த அளவில் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002 பெப்ரவரியில் அன்றைய துணை ஜனாதிபதி டிக் செனி, ஈராக் மேற்கு ஆபிரிக்க நாடான நைஜரிடம், அணுகுண்டுக்கு மூலப்பொருளான யுரேனியம் வாங்க ஒப்பந்தம் செய்ததாக வந்த ஒரு தகவலைப் பார்த்து மேலும் விவரம் கேட்டார். அதையடுத்து சி.ஐ.ஏ. வில்சனை நைஜரின் தலைநகர் நியாமிக்கு அனுப்பியது. அவர் 1990இல் குவைத் ஆக்கிரமிக்கப்பட்ட காலத்தில் பாக்தாத் தூதரகத்தின் பொறுப்பில் இருந்தவர், பிறகு கபோனில் தூதராகப் பணிபுரிந்தவர். நைஜரில் பலரையும் சந்தித்துவிட்டு, அப்படியொரு விற்பனை நடந்திருக்க வாய்ப்பில்லை என்று வாய்மொழியாக அறிக்கை கொடுத்தார். ஆனால் 2003 ஜனவரி 28 அன்று ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ், தன் வருடாந்த உரையில், சதாம் ஹுசைன் ஆபிரிக்காவில் பெருமளவு யுரேனியம் பெற முயன்றதைப் பிரித்தானிய அரசு அறிந்துள்ளது என்றார். ஆங்கிலத்தில் 16 சொற்கள். மார்ச்சில் போர் தொடங்கியது. ஜூலை 6 அன்று வில்சன் நியூயோர்க் டைம்ஸில் கட்டுரை எழுதி, ஈராக்கின் ஆபத்தைப் பெரிதாக்கிக் காட்ட உளவுத் தகவல் வளைக்கப்பட்டது என்று குற்றம் சாட்டினார். எட்டு நாள் கழித்து ரொபேர்ட் நோவாக் என்ற பத்தி எழுத்தாளர், வில்சனின் மனைவி வலெரி பிளேம் சி.ஐ.ஏ. ஆள் என்று எழுதிவிட்டார். அவர் மறைவுப் பணியில் இருந்தவர். அதோடு அவருடைய தொழில் முடிந்தது.

இந்த இடத்திலிருந்து விவாதம் யுரேனியத்தை விட்டு விலகி வில்சன் என்ற மனிதரைச் சுற்றத் தொடங்கியது. நீங்கள் வாசித்த இருபது வருடச் சண்டை முழுவதும் அதுதான். நீதிமன்றத்தில் நான் செய்வதைப் போலவே இங்கும் செய்வோம். ஒருவர் சொன்னதை ஒரே மூட்டையாகக் கட்டி ஏற்கவோ வீசவோ கூடாது. ஒவ்வொரு கூற்றையும் தனியாக எடுத்து, அதை அவர் கண்டாரா, கேட்டாரா, ஊகித்தாரா என்று பார்க்க வேண்டும். பிறகு, அவரே இல்லாவிட்டால் அந்தக் கூற்று நிற்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு பொய் சொன்னவன் எல்லாவற்றிலும் பொய்யன் என்ற பழைய உரோமக் கோட்பாட்டை எங்கள் நீதிமன்றங்களும் இறுக்கமாகப் பின்பற்றுவதில்லை. ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில் நம்பக்கூடியதையும் நம்ப முடியாததையும் பிரித்தெடுக்க முடியுமென்றால் நீதிபதி பிரித்தெடுப்பார். காணி வழக்குகளில் இதை அடிக்கடி பார்க்கிறோம். குளம் திருத்திய வருடத்தை மாற்றிச் சொல்லும் முதியவர், எல்லைக் கல் எங்கே நின்றது என்பதைத் துல்லியமாகச் சொல்லுவார். வருடம் பிழை என்பதற்காக எல்லைக் கல் நகர்ந்துவிடாது.

அப்படிப் பிரித்தால் வில்சனிடம் நான்கு கூற்றுகள் இருக்கின்றன.

அந்த 16 சொற்கள் ஜனாதிபதியின் உரையில் வந்திருக்கக் கூடாது என்பது முதலாவது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம், இதை நிறுவ வில்சன் தேவையே இல்லை. 2002 ஒக்டோபர் 7 அன்று சின்சினாட்டியில் புஷ் பேச இருந்த உரையிலிருந்து இதே வகைக் கூற்றை சி.ஐ.ஏ. தலையிட்டு எடுக்க வைத்தது. அப்போது தன்னிடம் எச்சரிக்கை வந்ததை வெள்ளை மாளிகையின் துணைப் பாதுகாப்பு ஆலோசகர் ஸ்டீபன் ஹாட்லி பின்னர் ஒத்துக்கொண்டார். 2003 மார்ச் 7 அன்று சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் தலைவர் முகமது எல்பராதி, நைஜர் ஒப்பந்தம் பற்றிய ஆவணங்கள் போலி என்று பாதுகாப்புச் சபையில் சொல்லிவிட்டார். 2000ஆம் ஆண்டுத் திகதியிட்ட ஒரு கடிதத்தில், 1989இலேயே பதவி விலகிய வெளியுறவு அமைச்சரின் கையொப்பம் இருந்தது. அவ்வளவு மோசமான போலி. 2003 ஜூன் மாதம், அதாவது வில்சனின் கட்டுரைக்கு முன்பே, சி.ஐ.ஏ. ஆய்வாளர்கள் தங்கள் இயக்குநருக்கு எழுதிய குறிப்பில், நைஜர் ஆவணங்கள் பொய் என்று தெரிந்த பிறகு ஈராக் வெளிநாட்டில் யுரேனியம் தேடியது என்று முடிவெடுக்கப் போதுமான வேறு தகவல் இல்லை என்று சொன்னார்கள். ஜூலை 11 அன்று அந்த இயக்குநர் ஜோர்ஜ் டெனெட்டே, அந்தச் சொற்கள் உரையில் இடம்பெற்றிருக்கவே கூடாது என்று பகிரங்க அறிக்கை விட்டார். போருக்குப் பிறகு ஈராக்கில் ஆயுதங்களைத் தேடிய குழு 2004இல் வெளியிட்ட டுல்ஃபர் அறிக்கை, 1991க்குப் பிறகு ஈராக் வெளிநாட்டிலிருந்து யுரேனியம் பெற முயன்றதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. ஈராக்கில் ஏற்கெனவே ஐந்நூறு தொன்னுக்கு மேல் யுரேனியத் தூள் சர்வதேச முகவரகத்தின் முத்திரையின் கீழ் இருந்தது. 2008இல் அதுதான் கனடாவுக்கு விற்கப்பட்டது. வில்சன் பிறக்காமலே இருந்திருந்தாலும் இவ்வளவும் அப்படியே நிற்கும்.

இரண்டாவது கூற்றில் அவர் பிழைதான். கட்டுரை எழுதுவதற்கு முந்திய வாரங்களில் பெயர் சொல்லாமல் பத்திரிகையாளர்களிடம் பேசியபோது, அந்த ஆவணங்களில் பெயர்களும் திகதிகளும் பிழை என்று தான் கண்டறிந்தது போன்ற தோற்றம் வரும்படி பேசினார். ஆனால் நைஜருக்குப் போனபோது அவர் அந்த ஆவணங்களைக் கண்டதே இல்லை. அவை அமெரிக்கர் கைக்கு வந்ததே 2002 ஒக்டோபரில், ரோமிலுள்ள தூதரகம் வழியாகத்தான். செனட் குழு இதைக் கேட்டபோது, சர்வதேச முகவரகம் சொன்னதோடு தன் நினைவு கலந்திருக்கலாம் என்ற வகையில் பதில் சொன்னார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி தேடுவது இப்படிப்பட்ட இடத்தைத்தான். கேட்டதைக் கண்டதாகச் சொல்வது சிறிய விடயமல்ல. வில்சனை விரும்புகிறவர்கள் இதைக் கடந்து போய்விடுகிறார்கள், அது நேர்மையில்லை. ஆனால் இந்தப் பிழையின் எடை எவ்வளவு? ஆவணங்கள் போலி என்பது உண்மை. அதை யார் கண்டுபிடித்தார் என்பதில்தான் அவர் தனக்கு அதிகம் எடுத்துக்கொண்டார். அவர் தன் பங்கைப் பற்றிச் சொல்லும் எதையும் இனி கவனமாகத்தான் எடுக்க வேண்டும். நைஜரைப் பற்றிய செய்தி அதனால் மாறாது.

மூன்றாவது கூற்றுத்தான் உண்மையிலேயே கடினமானது. தன் பயணம் அந்தக் கதையை முறியடித்துவிட்டது என்று வில்சன் சொன்னார். சுரங்கங்கள் வெளிநாட்டு நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்பின் கையில், முக்கியமாகப் பிரெஞ்சு நிறுவனத்தின் மேற்பார்வையில் இருந்தன, யாருக்கும் தெரியாமல் பெருந்தொகை யுரேனியத்தை வெளியே எடுப்பது கடினம் என்பது அவருடைய வாதம். அது பலமான வாதம். ஆனால் அவருடைய அறிக்கைக்குள்ளேயே இன்னொரு செய்தியும் இருந்தது. நைஜரின் முன்னாள் பிரதமர் இப்ராஹிம் மயாகி அவரிடம் ஒன்று சொல்லியிருந்தார். 1999 ஜூனில் ஒரு வியாபாரி தன்னை அணுகி, வர்த்தக உறவை விரிவாக்குவது பற்றிப் பேச ஓர் ஈராக்கியக் குழுவைச் சந்திக்கும்படி கேட்டார், அது யுரேனியத்தைப் பற்றியதாக இருக்கும் என்று தான் எடுத்துக்கொண்டதாகவும், ஐ.நா. தடைகள் இருந்ததால் பேச்சை அந்தப் பக்கம் போகவிடவில்லை என்றும் மயாகி சொன்னார். செனட் குழு விசாரித்தபோது, வில்சனின் அறிக்கை எந்த ஆய்வாளரின் கருத்தையும் மாற்றவில்லை என்று கண்டது. பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு மயாகி சொன்னது ஈராக் முயன்றது என்ற நம்பிக்கையைக் கூட்டியது. வெளியுறவுத் திணைக்களத்தின் ஆய்வாளர்களோ, நைஜர் விற்காது என்ற தங்கள் கருத்தை அது உறுதிப்படுத்துகிறது என்று எடுத்தார்கள். டெனெட்டும் அந்த அறிக்கை விடயத்தை ஒரு பக்கமாகத் தீர்க்கவில்லை என்றார். அதனால்தான் அது செனிக்குத் தனியாக எடுத்துரைக்கப்படவும் இல்லை.

இங்கே இரண்டு வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. யுரேனியம் விற்கப்பட்டதா என்பது ஒன்று. ஈராக் கேட்டுப் பார்த்ததா என்பது இன்னொன்று. வில்சன் பெரும்பாலும் மறுத்தது முதலாவதை. புஷ் சொன்னது இரண்டாவதை. போருக்கு முந்திய உளவுத் தகவலை ஆராய்ந்த பிரித்தானியாவின் பட்லர் விசாரணை 2004 ஜூலையில், ஈராக்கியர் 1999இல் நைஜர் போனதை வைத்து, அந்த 16 சொற்களும் தகுந்த அடிப்படை உடையவை என்று தீர்மானித்தது, ஆனால் ஈராக் வாங்கியது என்பதற்கு முடிவான சான்று இல்லை என்றும் சேர்த்துக்கொண்டது. அந்த வருடம் நைஜருக்குப் போன ஈராக்கியத் தூதர் விசாம் அல்-சஹாவி, நைஜர் ஜனாதிபதியைப் பாக்தாத்துக்கு அழைக்கத்தான் போனேன் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே கேட்டுப் பார்த்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு ஒரு மெல்லிய அடித்தளம் இருந்தது. டுல்ஃபர் குழு ஈராக்கின் உள்ளேயே தேடியும் அதை நிரூபிக்க எதுவும் கிடைக்கவில்லை. என் கணிப்பு, பட்லரை விட டுல்ஃபர் பக்கம்தான் சாய்கிறது, ஏனென்றால் அவர்கள் ஈராக்கிய அதிகாரிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்த்தவர்கள். ஆனால் இது கணிப்பு. முதலாவது கூற்றில் இருந்த உறுதியை இதற்கு நான் கொடுக்க மாட்டேன். வில்சனும் அந்த உறுதியோடு பேசியிருக்கக் கூடாது.

நான்காவது, அவரை அனுப்பியது யார் என்பது. தன் மனைவிக்கு இதில் பங்கில்லை என்றார் வில்சன். மனைவிதான் அவர் பெயரைச் சொன்னார் என்று செனட் குழு பேட்டிகளையும் ஒரு குறிப்பையும் காட்டியது. பிளேம் 2007 மார்ச்சில் காங்கிரஸ் குழு முன் சத்தியம் செய்து, தான் பரிந்துரைக்கவில்லை, வேறொரு சக ஊழியர்தான் சொன்னார், மேலதிகாரி கேட்டதால் குறிப்பெழுதினேன் என்றார். இதில் ஆவணம் வில்சனுக்கு எதிராகச் சாய்கிறது என்றே நான் வாசிக்கிறேன். ஆனால் இவ்வளவு கூச்சல் போடப்பட்ட இந்தக் கூற்று எதை நிரூபிக்கிறது? எங்கள் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் 155ஆம் பிரிவு, ஒரு சாட்சியின் நம்பகத்தன்மையை எப்படித் தாக்கலாம் என்று சொல்கிறது. சாட்சி இலஞ்சம் வாங்கினாரா, முன்பு வேறு மாதிரிச் சொன்னாரா என்பவை அதில் வரும். உன்னை யார் அனுப்பினார் என்ற கேள்வியால் பக்கச்சார்பை மட்டும்தான் தொட முடியும். அந்தப் பயணத்துக்கு வில்சனுக்குச் சம்பளம் இல்லை, செலவு மட்டும்தான் கொடுத்தார்கள். மனைவி சொல்லிப் போனாலும், மாமியார் சொல்லிப் போனாலும், நைஜரின் சுரங்கம் யார் கையில் இருந்தது என்பது மாறாது.

இனி, ஒரே அறிக்கையை இரண்டு கட்சியும் எப்படிக் காட்ட முடிகிறது என்ற உங்கள் குழப்பம். செனட் புலனாய்வுக் குழுவின் அறிக்கையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவுகள் ஒரு பகுதி. அதற்குப் பின்னால் உறுப்பினர்கள் தனியாக எழுதிச் சேர்த்த கருத்துகள் வேறு. வில்சனைக் கடுமையாகக் குற்றம் சாட்டும் பகுதி, ரொபேர்ட்ஸ், பொண்ட், ஹாட்ச் ஆகிய மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்கள் எழுதிய மேலதிகக் கருத்தில் இருக்கிறது. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் அந்த முடிவுகளைப் பொது அறிக்கைக்குள் சேர்க்க உடன்படவில்லை என்று அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே குழு வில்சனைப் பொய்யர் என்று தீர்ப்பளித்தது என்பது பிழை. குழு அவரைச் சரி என்று சொன்னது என்பதும் பிழை, ஏனென்றால் மயாகி பற்றிய முடிவு எல்லோரும் ஒப்புக்கொண்ட பகுதியில்தான் இருக்கிறது. மேற்கோளைக் காணும்போதெல்லாம் அது எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்கள் கட்டுரையில் பாதிச் சிக்கல் அதோடு தீரும்.

பிளேமின் பெயர் கசிந்தது பற்றிய விசாரணையிலிருந்து எழுந்த, வில்சனின் ஆதரவாளர்கள் தூக்கிப் பிடிக்கும் லிபி வழக்கையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். செனியின் அலுவலகத் தலைவர் லூயிஸ் லிபி 2007 மார்ச் 6 அன்று ஐந்தில் நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகக் காணப்பட்டார். 30 மாதச் சிறையும் 250,000 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. சிறையைப் புஷ் நீக்கினார், 2018இல் டிரம்ப் முழு மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் அவர் குற்றவாளியானது விசாரணையாளரிடமும் பெரும் ஜூரியிடமும் பொய் சொன்னதற்கும் நீதிக்குத் தடை செய்ததற்கும். பிளேமின் பெயரை வெளியிட்டதற்காக அல்ல. யுரேனியம் பற்றி அந்த ஜூரி எதுவும் தீர்மானிக்கவில்லை. பெயரை நோவாக்கிடம் முதலில் சொன்னவர் வெளியுறவுத் திணைக்களத்தின் ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ் என்பது 2006இல் வெளிவந்தது. அவர் போருக்கு அவ்வளவு ஆதரவாக இருந்தவர் அல்ல. ஆனால் செனியின் அலுவலகம் வில்சனின் நம்பகத்தன்மையை உடைக்கப் பாடுபட்டது என்பதும் அதே வழக்கின் சாட்சியங்களில் தெளிவாகவே வந்தது. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்.

சரி, எங்கள் பக்கம். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அதன் பிறகு அவர் புலிகளின் ஆள், மதகுருவுக்கு அரசியல் எதற்கு, எண்ணை ஊதிப் பெருக்குகிறார் என்றெல்லாம் அவரைப் பற்றிப் பேசினார்கள். வில்சனுக்கு நடந்த அதே திசைதிருப்பல். அந்த எண் ஆயருடைய எண்ணே அல்ல. 2008 ஒக்டோபரில் வன்னியில் 429,059 பேர் இருந்ததாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின், அதாவது மாவட்டச் செயலகங்களின் கணக்கு. 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர் என்று ஐ.நா. கணக்கு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதுதான் அது. அரசாங்கம் மறுக்க வேண்டியது தன் கச்சேரியின் பதிவை. ஆயரின் அங்கியை அல்ல.

ஆனால் எங்கள் ஆக்களிடமும் ஒரு பிழை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட என் தொழில் விடாது. ஆயர் 146,679 பேர் கொல்லப்பட்டார்கள் என்று சொன்னார் என எத்தனையோ மேடைகளில் சொல்லிவிட்டார்கள். அவர் கேட்டது கணக்கு. இடம்பெயர்ந்தோர் பதிவில் இரட்டைப் பதிவு இருக்கலாம், கணக்கில் வராமல் வெளியேறியவர்கள் இருக்கலாம், கொல்லப்பட்டவர்கள் நிச்சயமாக இருக்கிறார்கள், கையளிக்கப்பட்ட பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது வேறு வழியில் போட்ட மதிப்பீடு. இந்த இரண்டையும் ஒன்றாக்கினால், எதிர்த்தரப்புக்கு ஆயரின் கேள்வியைத் தட்டிவிட நாங்களே வழி திறந்து கொடுக்கிறோம்.

போரின் கடைசி மாதங்களில் வன்னிக்குள் இருந்து காயப்பட்டோர் எண்ணிக்கையைச் சொன்ன அரச வைத்தியர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்கள் 2009 மே மாதம் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஜூலை 8 அன்று, தடுப்புக்காவலில் இருந்தபடியே, கொழும்பில் செய்தியாளர் முன் வந்து முன்பு சொன்னவை மிகைப்படுத்தியவை, புலிகளின் அழுத்தத்தால் சொன்னவை என்றார்கள். முன்பின் முரணான வாக்குமூலம் என்று 155ஆம் பிரிவைக் காட்டலாம்தான். ஆனால் எந்த நீதிபதியும் அடுத்ததாகக் கேட்பது, ஒவ்வொரு வாக்குமூலமும் யார் கையில் இருந்தபோது கொடுக்கப்பட்டது என்பதுதான். அந்தக் கேள்வி இரண்டு வாக்குமூலங்களுக்கும் பொருந்தும், முதலாவதும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருந்து சொல்லப்பட்டது. அப்படியென்றால் வைத்தியர்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெளியே பார்க்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் புதுமாத்தளன் கரையிலிருந்து கப்பலில் ஆயிரக்கணக்கான நோயாளிகளையும் அவர்களின் உறவினரையும் ஏற்றிச் சென்றதன் பதிவு இருக்கிறது. உள்ளே இருப்பது 70,000 பேர் அளவில்தான் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசியில் அதைப் போல மூன்று நான்கு மடங்கு மக்கள் வெளியே வந்து முகாம்களில் நின்றார்கள். அந்த விடயத்தில் யாருடைய எண் உண்மைக்குக் கிட்ட இருந்தது என்பதை முடிவு செய்ய எந்த வைத்தியரின் குணநலனையும் ஆராயத் தேவையில்லை.

உங்கள் கட்டுரைக்கு ஒரு யோசனை. டெனெட்டின் 2003 ஜூலை 11 அறிக்கையை முதலில் வாசியுங்கள், அது குறுகியது, எதிர்த்தரப்பின் வாயிலிருந்து வருவது. பிறகு செனட் அறிக்கையின் நைஜர் அத்தியாயம், அதன் பிறகுதான் மேலதிகக் கருத்துகள், கடைசியாக வில்சனின் கட்டுரை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாக வாசிக்கிறார்கள், அதனால் ஆளைப் பிடித்துக்கொண்டு விடயத்தை விட்டுவிடுகிறார்கள். நைஜர் அத்தியாயத்தில் வெவ்வேறு ஆய்வாளர்கள் ஒரே அறிக்கையை எப்படி எதிரெதிராக வாசித்தார்கள் என்ற பகுதியில் அதிக நேரம் செலவழியுங்கள். ஆங்கிலம் இடறினால் அந்தப் பகுதியை இங்கே போடுங்கள், சேர்ந்து வாசிப்போம்.